கண்ணோட்டமும் கண்காணிப்பும்

ஊர்க் காரியங்களைப் பேசித் தீர்க்கும் சிறு சபை நம் வாசகர்களுக்குப் புதியதன்று. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் தாழ்வாரத்தில் ஜமாஅத் நிர்வாகிகள் கூடி, கபரஸ்தானின் சுற்றுச்சுவர் சரிந்ததையும், தெருக்குழாயில் தண்ணீர் வராததையும், இன்னார் வீட்டுச் சாக்கடை இன்னார் வாசலில் ஓடுவதையும் மணிக்கணக்கில் பேசுவதை நாம் கண்டே வளர்ந்திருக்கிறோம். அத்தகைய சபைகளைப் பார்த்துச் சிரிப்பது எளிது. அவை இல்லாத ஊரில் குடியிருப்பதுதான் கடினம்.

ஆங்கிலேயர்க்கும் அப்படியொரு சபை உண்டு. ‘பாரிஷ்’ என்பது முற்காலத்தில் ஒரு தேவாலயத்தின் ஆட்சிக்குட்பட்ட சிற்றூர்ப் பிரிவு. 1894ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பிரிவின் பொதுக் காரியங்களைத் தேவாலயத்தினின்றும் பிரித்தெடுத்து, மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றத்திடம் ஒப்படைத்தது. இங்கிலாந்தில் இன்று இத்தகைய ஊர்மன்றங்கள் ஏறத்தாழப் பத்தாயிரம் உள்ளன. வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் இவற்றைக் ‘கம்யூனிட்டி கவுன்சில்’ என்கின்றனர். ஸ்காட்லாந்தில் 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தோன்றிய மன்றங்களுக்கு அதிகாரம் என்று சொல்லத்தக்கது அநேகமாக ஒன்றுமில்லை. ஊராரின் எண்ணத்தைக் கேட்டறிந்து மேலே உள்ள ஆட்சிமன்றத்துக்கு எடுத்துரைப்பதே அவற்றின் கடமை. சம்பளமும் இல்லை, சிறப்பும் இல்லை. தெருவிளக்கு, நடைபாதைக் குழி, நாயின் அசுத்தம், புதிதாய் எழும் கட்டடத்தின் உயரம் இவையே அவற்றின் அன்றாடப் பேச்சு.

இந்த மன்றங்களை உலகம் அறிந்துகொண்ட விதம் வேடிக்கையானது. 2020 டிசம்பர் 10ஆம் நாள் செஷயர் மாவட்டத்து ஹேண்ட்ஃபோர்த் ஊர்மன்றத்தின் குழுக்கூட்டம் ஸூம் வழியாக நடந்தது. பெருந்தொற்றை முன்னிட்டு அவ்வாண்டு ஏப்ரலில் பிறந்த விதிகள், உறுப்பினர் நேரில் கூடாமலே மன்றம் நடத்த இடமளித்திருந்தன. கூட்டத்தை நடத்த உதவ வந்த ஜாக்கி வீவர் என்ற அம்மையாருக்கு அங்கே என்ன அதிகாரம் என்பதே சண்டையாயிற்று. அவர் தலைவரையே திரையிலிருந்து வெளியேற்றினார். மற்றொருவர் விதிகளைப் படித்துப் பார்க்கும்படி கூச்சலிட்டார். 2021 பிப்ரவரியில் அக்காட்சி இணையத்தில் பரவியபோது, இலட்சக்கணக்கானோர் வயிறு குலுங்கச் சிரித்தனர். வீட்டிலேயே அடைந்து கிடந்த மக்களுக்கு அந்தச் சிரிப்பு ஒரு மருந்தாகவும் இருந்திருக்கலாம்; குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதே குளிர்காலத்தில் அந்நாட்டின் ஊர்மன்றங்களுக்கு முன்னும், அவற்றைச் சூழ்ந்த தெருக்களுக்கு முன்னும் வந்து நின்ற வேறொரு கேள்வி சிரிப்புக்குரியதன்று. அதைப் பற்றியே இங்குச் சிறிது சிந்திக்க விரும்புகிறோம்.

அந்தக் குளிர்காலம் எத்தகையது என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். டிசம்பர் 8ஆம் நாள் கவென்ட்ரி நகரில் தொண்ணூறு வயது மூதாட்டி ஒருவருக்கு முதல் தடுப்பூசி போடப்பட்டது. விடிந்துவிட்டது என்று எண்ணிய வேளையில் இருள் கூடிற்று. புதிய வகைக் கிருமி பரவிற்று. டிசம்பர் 20ஆம் நாள் இலண்டனும் தென்கிழக்கும் கடுங்கட்டுப்பாட்டுக்குள் வந்தன. கிறிஸ்துமஸ் சந்திப்புகள் சுருங்கின. ஜனவரித் தொடக்கத்தில் மீண்டும் ஊரடங்கு. ஜனவரி 26ஆம் நாள் அந்நாட்டில் மாண்டோர் தொகை ஒரு இலட்சத்தைத் தாண்டியதாக அறிவித்தனர். பிப்ரவரி 11ஆம் நாள் ஸ்காட்லாந்தின் பிரேமார் என்னும் ஊரில் குளிர் உறைநிலைக்குக் கீழே 23 டிகிரிக்கு இறங்கியது. கால் நூற்றாண்டுக் காலத்தில் அப்படியொரு குளிரை அந்நாடு கண்டதில்லை.

இந்த நிலையில் ஒரு தெருவின் கவலைகள் என்னவாக இருக்கும்? நடைபாதையில் உறைந்த பனிமீது உப்பும் மணலும் தூவ ஆளுண்டா என்பது ஒன்று. சாதாரண ஆண்டில் இது சில்லறைப் புகார். மருத்துவமனைகள் நிரம்பி வழியும் ஆண்டில் ஒரு முதியவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அவரை எங்கே கிடத்துவது? நூலகம் மூடியிருக்கிறது, அங்கே வெயில் காயவும் நாளிதழ் பார்க்கவும் வந்துகொண்டிருந்த தனியர்கள் இப்போது எங்கே? பேருந்து குறைந்துவிட்டது, மருந்துச் சீட்டை யார் கொண்டுபோய் மருந்து வாங்கி வருவார்? மூன்றாவது வீட்டுச் சன்னலில் இரண்டு நாளாகத் திரை விலகவில்லையே, ஏன்? நாட்டின் அமைச்சரவைக்கு இந்தக் கடைசிக் கேள்வி தெரியாது, தெரிய வழியுமில்லை. அதை அறிந்தவர் எதிர்வீட்டுக்காரர் ஒருவரே.

ஆக, அதிகாரமில்லாத அந்தச் சிறு மன்றத்திடமும், அதனைச் சூழ்ந்த தெருவிடமும், பேரரசிடம் இல்லாத ஒரு செல்வம் இருந்தது. எந்தக் கதவின் பின்னே யார் இருக்கிறார் என்னும் அறிவே அச்செல்வம். அறிவு எதுவாயினும் அது ஓர் அமானிதம் என்பதை நாம் அறிவோம். இந்த அறிவை இரண்டு வகையில் செலவிடலாம். கதவைத் தட்டி ரொட்டி கொடுக்கலாம். அல்லது தொலைபேசியை எடுத்துக் காவல்துறைக்குச் சொல்லலாம்.

பிரிட்டிஷ் மக்கள் இரண்டையுமே செய்தனர். 2020 மார்ச்சில் மருத்துவத் துறைக்கு உதவ இரண்டரை இலட்சம் தொண்டர் தேவை என்று அரசு கேட்டபோது ஏழரை இலட்சம் பேர் பெயர் கொடுத்தனர். தெருவுக்குத் தெரு வாட்ஸ்அப் குழுக்கள் எழுந்தன. ‘உங்களுக்கு ஏதேனும் வாங்கி வர வேண்டுமா?’ என்று கையால் எழுதிய துண்டுச் சீட்டுகள் கதவிடுக்கின் வழியே விழுந்தன. அதே வசந்தத்தில், ஏப்ரல் முடிவதற்குள், விதிமீறலைச் சொல்லிக் காவல்துறைக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் ஒரு இலட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரம் என்று காவல்துறைத் தலைவர்களே வெளியிட்டனர். இந்த இரண்டு கூட்டமும் வெவ்வேறு மனிதர்கள் என்று எண்ணிவிடுவது நமக்கு ஆறுதலாக இருக்கும். அப்படி இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. காலையில் பால்புட்டி கொண்டுபோய் வைத்த கையே மாலையில் தொலைபேசியை எடுத்திருக்கலாம்.

தமிழில் இந்த இரண்டு நிலைக்கும் கண்ணையே அடியாகக் கொண்ட இரு சொற்கள் உள்ளன. ஒன்று கண்காணிப்பு, மற்றொன்று கண்ணோட்டம். பின்னதை இக்காலத்தார் ‘அவருடைய கண்ணோட்டத்தில்’ என்று வெறும் கருத்து நோக்காக்கி இளைக்க வைத்துவிட்டோம். வள்ளுவர் காலத்தில் அது இரக்கத்தின் பெயர். பழகியவரைக் கண்ட அளவில் மறுத்துரைக்க மாட்டாத நெஞ்சின் நெகிழ்வு என்று உரையாசிரியர் அதற்குப் பொருள் காண்பர். திருக்குறளில் கண்ணோட்டம் ஐம்பத்தெட்டாவது அதிகாரம். அதை அடுத்து வரும் ஐம்பத்தொன்பதாவது அதிகாரம் எது தெரியுமா? ஒற்றாடல்! இரங்கும் கண்ணையும் வேவு பார்க்கும் கண்ணையும் அந்த நூல் அடுத்தடுத்து நிறுத்தியிருக்கிறது. இரண்டும் அரசியலில், ஆள்வோர்க்குரிய பகுதியில் வருவன. ஆளும் அரசனுக்கு இரண்டும் வேண்டியிருக்கலாம். அண்டை வீட்டாருக்கும் இரண்டும் வேண்டுமா என்பதுதான் நம் கேள்வி.

காட்டிக்கொடுப்பதே இழிவு என்று ஒரே வரியில் முடித்துவிட்டு நகர்ந்துவிட நமக்கு மனம் வரவில்லை. எதிர்த்தரப்பின் வாதம் வலியது. ஒருவன் தன் வீட்டில் இருபது பேரைக் கூட்டி விருந்து வைக்கிறான். அந்த இருபதின்மரில் ஒருவன் மறுநாள் பேருந்து ஓட்டுகிறான். அப்பேருந்தில் ஏறிய மருத்துவத் தாதி ஒருத்தி, முதியோர் இல்லத்தில் நோயைத் தன்னையறியாமல் கொண்டு சேர்க்கிறாள். அங்கே மூச்சுத் திணறி மாளும் முதியவளுக்கு அந்த விருந்தின் மணம் கூடத் தெரியாது. சன்னல் வழியே அதைக் கண்டும் ‘நமக்கென்ன’ என்று இருந்தவர் அந்த மரணத்தில் பங்கில்லாதவரா? மௌனம் எப்போதும் கண்ணியமாகிவிடாது. சில வேளைகளில் அது கோழைத்தனத்தின் மேலாடை. தீமையைக் கையால் தடு, இயலாவிடில் நாவால் தடு என்று கற்பிக்கப்பட்ட சமுதாயத்தினர் நாம். இதை எளிதில் தள்ளிவிட இயலாது.

அந்நாட்டு ஆட்சியாளரே இதில் ஒரு மனப்பட்டிருக்கவில்லை. 2020 செப்டம்பர் 14ஆம் நாள் ஆறு பேருக்கு மேல் கூடலாகாது என்ற விதி அமலுக்கு வந்தபோது, அண்டை வீட்டார் அதை மீறக் கண்டால் காவல்துறைக்குத் தொலைபேசியில் சொல்லலாம் என்றார் ஓர் அமைச்சர். தாமும் அவ்வாறே சொல்வேன் என்றார் உள்துறை அமைச்சர் பிரீத்தி படேல். சில நாளில் பிரதமர் போரிஸ் ஜான்சன், கோள் சொல்லும் பழக்கத்தில் தமக்கு விருப்பமில்லை, முதலில் அண்டை வீட்டாரிடமே பேசிப் பார்க்கலாம் என்னும் கருத்தைத் தெரிவித்தார். கருத்து நல்ல கருத்துத்தான். சொன்னவரைப் பற்றிப் பிறகு ஒரு வார்த்தை சொல்வோம்.

இந்த இடத்தில் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களைப் பற்றி நூல்களில் வழங்கிவரும் நிகழ்ச்சி நினைவுக்கு வராமல் இராது. கலீஃபா இரவில் மதீனாவின் தெருக்களைச் சுற்றி வருகிறார்கள். ஒரு வீட்டினுள்ளே விலக்கப்பட்ட செயல் நடப்பதாகத் தோன்றுகிறது. சுவரேறி உள்ளே குதித்து அம்மனிதரைக் கடிந்துகொள்கிறார்கள். அவரோ நிதானமாக விடையளிக்கிறார்: ‘நான் செய்தது ஒரு பாவம். தாங்கள் மூன்று செய்துவிட்டீர்கள். துருவி ஆராயாதீர்கள் என்பது இறைகட்டளை, தாங்கள் துருவினீர்கள். வீடுகளுக்கு வாசல் வழியே வாருங்கள் என்பது கட்டளை, தாங்கள் சுவரேறினீர்கள். அனுமதி பெற்று ஸலாம் உரைத்து நுழையுங்கள் என்பது கட்டளை, அதையும் செய்யவில்லை.’ கலீஃபா அவரை விட்டுவிட்டுத் திரும்பினார்கள். நன்மையை ஏவித் தீமையைத் தடுக்கும் கடமையைப் பேசும் பகுதியில் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இந்நிகழ்ச்சியை எடுத்துக்காட்டி, தீமையானது துருவிப் பார்க்காமலேயே வெளிப்படத் தெரிவதாக இருக்க வேண்டும் என்பதைத் தடுப்பதற்குரிய நிபந்தனைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறார்கள். கதவைச் சாத்திக்கொண்டவனின் கதவுக்கு மதிப்புண்டு என்பது இதன் உட்பொருள்.

அப்படியானால் விடை கிடைத்துவிட்டதா? இல்லை, இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. அந்த மதீனத்து மனிதரின் குற்றம் அவருடைய சுவருக்குள்ளேயே நின்றுவிடுவது. தொற்றுநோயோ சுவரை அறியாதது. மூடிய கதவுக்குப் பின்னே விடப்படும் மூச்சு, திறந்த தெருவில் இன்னொருவர் மார்பில் போய் அமர்கிறது. அந்தரங்கத்துக்கும் பொதுவுக்கும் நம் முன்னோர் வகுத்த எல்லைக்கோட்டையே அந்நோய் அழித்துவிட்டது. பழைய நிகழ்ச்சியை அப்படியே எடுத்துவந்து புதிய காலத்தின் மேல் ஒட்டிவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை.

ஆனால் அந்நிகழ்ச்சியில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அதுவே இங்கு நமக்கு உதவும் என்று கருதுகிறோம். சுவரேறி வந்தவருக்கு உள்ளே நடப்பதன் முழு உண்மை தெரிய வாய்ப்பில்லை. வாசல் வழியே வந்தவருக்குத் தெரியக்கூடும். பிரிட்டனின் விதிகளையே எடுத்துக்கொள்வோம். 2020 ஜூன் 13 முதல், தனியே வாழும் ஒருவர் வேறொரு குடும்பத்தோடு இணைந்து ஒரே குடும்பம் போல் புழங்கலாம் என்று இங்கிலாந்தில் அனுமதித்தனர். அதற்குக் ‘குமிழி’ என்று பெயரும் வைத்தனர். செப்டம்பரில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் உறவினருக்கு ஒரு விலக்கு வந்தது. டிசம்பரில் ஒரு வயது நிறையாத குழந்தையுள்ள வீட்டாருக்கும் இன்னொரு குடும்பத்தோடு சேர உரிமை தந்தனர். நோயாளியைப் பேண வருபவருக்குத் தடையே இல்லை. இப்போது எதிர்வீட்டுச் சன்னலில் நிற்பவரின் கண்ணுக்கு என்ன தெரிகிறது? செவ்வாய்க்கிழமை மாலை ஒரு பெண் பையுடன் உள்ளே போகிறாள். அவள் விருந்தாளியா, கணவனை இழந்த தாய்க்குத் துணையிருக்க வந்த மகளா, கைக்குழந்தையைத் தாங்க வந்த பாட்டியா, கட்டு மாற்ற வந்த தாதியா? சன்னல் தலைகளை எண்ணித்தரும். காரணத்தைச் சொல்லாது. காரணத்தை அறிய வேண்டுமானால் பேசியிருக்க வேண்டும். பேசுவதற்கு முன்பே பழகியிருக்க வேண்டும். அறிந்தவர்க்குப் பெரும்பாலும் தொலைபேசி தேவைப்படுவதில்லை. தொலைபேசியை எடுப்பவர்க்குப் பெரும்பாலும் எதுவும் தெரிந்திருப்பதில்லை.

மண்டபம் பிடித்துக் கட்டணம் வாங்கி நூறு பேரை ஆட விட்டவனைப் பற்றி நாம் பேசவில்லை. அவன் எதையும் மறைக்கவில்லை. அவனுடைய இசை மூன்று தெருவுக்குக் கேட்கிறது. அவனைக் குறித்துக் காவல்துறைக்குச் சொல்வது கோளாகாது. நாம் பேசுவது திரையைச் சற்றே விலக்கிப் பார்த்தால்தான் தெரியக்கூடிய குற்றங்களைப் பற்றி.

ஆள்வோரின் கண்ணும் அந்த ஆண்டில் எத்தனை தூரம் தவறியது என்பதற்கு இங்கிலாந்தின் டெர்பிஷயர் மாவட்டமே போதும். 2020 மார்ச் இறுதியில் அம்மாவட்டக் காவல்துறை, குன்றுகளில் நாயோடு நடந்தவர்களை ஆளில்லா விமானத்தால் படமெடுத்து ஊரறிய வெளியிட்டது. கல்வெட்டிய பள்ளத்தில் தேங்கிய நீலநீரைப் பார்க்கக் கூட்டம் வரலாகாதென்று அந்த நீரில் கருஞ்சாயம் கலந்தது. 2021 ஜனவரியில் ஃபோர்மார்க் நீர்த்தேக்கத்தின் கரையில் விலகி நடந்துகொண்டிருந்த இரு தோழியர்க்குத் தலைக்கு 200 பவுன் அபராதம் விதித்தது. ஏறத்தாழ ஐந்து மைல் தூரம் காரில் வந்தது ஒரு குற்றம்; கையில் வாங்கி வந்த பானக் கோப்பை இருந்ததால் அது வனபோஜனம் ஆகிவிட்டதாம்! பிறகு அபராதம் திரும்பப் பெறப்பட்டது, வருத்தமும் தெரிவிக்கப்பட்டது. கோப்பையைக் கண்ட கண்ணுக்கு, திறந்த வெளியில் ஒரு தோழியின் முகத்தைப் பார்த்துப் பேச வந்த மனத்தின் தாகம் தெரியவில்லை.

அதே டெர்பிஷயரில், அந்தக் குன்றுகளிலிருந்து சில மைல் தொலைவில்தான் ஈம் என்னும் சிற்றூர் இருக்கிறது. 1665 செப்டம்பரில் இலண்டனிலிருந்து ஒரு தையற்காரர் வீட்டுக்கு வந்த துணியோடு கொள்ளைநோய் அவ்வூருக்குள் புகுந்ததாகச் சொல்வர். மறு ஆண்டு ஜூனில், பதவியிலிருந்த பாதிரியார் மோம்பெசனும், சமய வேறுபாட்டால் பதவி இழந்திருந்த முன்னாள் பாதிரியார் ஸ்டான்லியும் தம் பிணக்கை மறந்து ஒன்றுகூடி, நோய் அயலூர்களுக்குப் பரவாதபடி ஊரை விட்டு எவரும் வெளியேறுவதில்லை என்னும் உடன்பாட்டுக்கு மக்களை இசைவித்தனர். எல்லைக் கல்லின் துளைகளில் காடி ஊற்றி அதில் காசு இட்டனர். சுற்றூர் மக்கள் உணவை அங்கே வைத்துவிட்டுக் காசை எடுத்துச் சென்றனர். பதினான்கு மாதத்தில் 260 பேர் வரை மாண்டனர். அந்த உடன்பாடு எவ்வளவு தூரம் மனமொப்பியது, வெளியேற வசதியுள்ளோர் முன்னமே வெளியேறிவிட்டனரா என்றெல்லாம் வரலாற்றாசிரியர் வாதிடுவதுண்டு. வாதம் எப்படியாயினும், எல்லைக்கல் ஒருதலையானதன்று என்பது மட்டும் உறுதி. உள்ளே இருந்தவர் வெளியே வரவில்லை. வெளியே இருந்தவர் உணவு வைக்கத் தவறவில்லை. உணவு வைத்தவருக்கு எல்லையைப் பற்றிப் பேசவும் உரிமை இருந்தது.

அதே 1665இல் இலண்டன் மாநகரின் ஆணைகள் வேறு விதமானவை. நோய் கண்ட வீட்டை வெளியே பூட்டி, கதவில் சிவப்புச் சிலுவை வரைந்து, பகலுக்கொருவரும் இரவுக்கொருவருமாகக் காவலாளிகளை நிறுத்தினர். எந்த வீட்டில் நோய் என்று ஆராய்ந்தறிய ஒவ்வொரு பாரிஷிலும் ஊரார் சிலரையே நியமித்தனர். கொடிய ஆணைதான். ஆனாலும் அதில் ஒரு வரி வியப்புக்குரியது. அந்தக் காவலாளியே அடைபட்டவர்க்கு வேண்டியதை வாங்கி வரவும் கடமைப்பட்டவர். அவ்வாறு போகும்போது கதவைப் பூட்டிச் சாவியைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். காவலும் பணிவிடையும் ஒரே ஆளிடம்! சென்னையில் 2020இல் நோயுற்றோர் வீட்டு வாசலில் தகரம் அடித்ததையும் அறிவிப்பு ஒட்டியதையும் நாம் அறிவோம். தகரம் அடிக்க வந்தவரோடு அரிசி கொண்டுவரும் ஆளும் எல்லா வாசலுக்கும் வந்தாரா என்பதை அந்தந்தத் தெருவினரே சொல்ல வேண்டும். தக்க ஆணையின்றி அத்தகைய அறிவிப்புகளை வீட்டு வாசலில் ஒட்டலாகாது என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் கூறியது.

பார்க்கப்படுவது என்றால் என்னவென்று நம் சமுதாயத்துக்கு விளக்க வேண்டியதில்லை. 2020 ஜூலை 30ஆம் நாள் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு, வடக்கு இங்கிலாந்தின் சில பகுதிகளில் வெவ்வேறு குடும்பத்தார் வீட்டுக்குள் சந்திக்கத் தடை என்ற அறிவிப்பு வந்தது. நள்ளிரவு முதல் அமல். விடிந்தால் ஹஜ்ஜுப் பெருநாள். பெருநாளைக்கு ஆட்டிறைச்சி ஊறவைத்துவிட்டுப் பேரப்பிள்ளைகளை எதிர்பார்த்திருந்த வீடுகள் பல. தடை தேவையாக இருந்திருக்கலாம். நோய் பெருகியது உண்மை. ஆனால் அந்த நேரத்தில் வந்த அந்த அறிவிப்பு, ‘இவர்களால்தான்’ என்று விரல் நீட்ட விரும்பியவர்களுக்கு ஒரு வசதி செய்துகொடுத்தது. இந்தியாவில் அதற்கு நான்கு மாதம் முன்பே அந்த விரல் நீண்டாயிற்று. தில்லி நிஜாமுத்தீன் தப்லீக் கூட்டத்துக்குப் பிறகு தொப்பியும் தாடியுமே நோயின் அடையாளமாக ஆக்கப்பட்டன. காய்கறி வண்டிக்காரரின் பெயரைக் கேட்டுத் தெருவுக்குள் விட மறுத்த செய்திகள் வடக்கிலிருந்து வந்தன. 2020 ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, 29 வெளிநாட்டவர் மீதிருந்த வழக்கைத் தள்ளுபடி செய்து, அவர்கள் பலிகடாக்களாக ஆக்கப்பட்டனர் என்று எழுதியது. தீர்ப்பு வந்தது. வண்டியைத் திருப்பி அனுப்பிய தெரு தன் பார்வையைத் திருப்பிக்கொண்டதா என்பதை எந்த நீதிமன்றமும் எழுதவியலாது.

அண்டை வீட்டாரின் தலைகளை மக்கள் எண்ணிக்கொண்டிருந்த அதே காலத்தில் இலண்டன் டௌனிங் தெருவின் உள்ளே விருந்துகள் நடந்ததும், பின்னர் காவல்துறை 126 அபராதங்கள் விதித்ததும், அவற்றுள் ஒன்றைப் பிரதமரே 2022 ஏப்ரலில் பெற்றதும் உலகறிந்த செய்தி. அதை விரித்துரைக்கத் தேவையில்லை. தாய் இறக்கும்போது கண்ணாடிக்கு அப்பால் நின்ற மகனுக்கு அச்செய்தி என்ன செய்தது என்பதை நினைத்துப் பார்த்தால் போதும்.

ஊர்மன்றத்துக்கு மீண்டும் வருவோம். 2021 மே 7ஆம் நாளோடு இங்கிலாந்தில் திரைவழிக் கூட்டங்களுக்கான அனுமதி முடிந்தது. உறுப்பினர் மீண்டும் மண்டபங்களில் நாற்காலி போட்டு அமர்ந்தனர். குழிகளும் விளக்குகளும் பேச்சுக்கு வந்தன. பெருந்தொற்றின்போது எழுந்த தெருக்குழுக்கள் பல கலைந்தன; சில நிலைத்தன. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் எழுதப்பட்ட பட்டியல்கள் உண்டல்லவா? இன்ன எண் வீட்டில் தனியே வாழும் முதியவள், இன்ன வீட்டில் மூச்சுக்கோளாறு உள்ளவர், இன்ன வீட்டில் வேலையிழந்தவர், இன்ன வீட்டுக் கதவு தட்டினால் திறக்காது என்றெல்லாம் நல்லெண்ணத்தோடு எழுதிய அந்தக் குறிப்புகள் யாரோ ஒருவருடைய மேசை அறையிலோ, ஒரு கைப்பேசியிலோ இருக்கத்தான் செய்யும். நம் ஜமாஅத்துகளிலும் அக்காலத்தில் அரிசி வழங்கவும் மருந்து வழங்கவும் அத்தகைய பட்டியல்கள் எழுதப்பட்டன. வாங்கியவர் பெயரும், அவர் நிலையும், சில இடங்களில் அவர் வாங்கும்போது எடுத்த படமும் கூட அவற்றில் உள்ளன.

கஞ்சி கேட்டு வந்தவரின் பெயரை எத்தனை ஆண்டு வைத்திருக்கலாம்? அடுத்த நோய் வந்தால் உதவுமே என்று வைத்திருப்பதா, அல்லது கொடுத்ததை மறப்பதே கொடுப்பதன் ஒழுங்கு என்று கிழித்துவிடுவதா? வைத்திருப்பதானால் பூட்டு யாரிடம், சாவி யாரிடம்? புதிய நிர்வாகம் வரும்போது அது கணக்குப் புத்தகத்தோடு சேர்ந்து கைமாறுமா? பட்டியலில் உள்ளவரிடமே போய்க் கேட்டு, அவர் வேண்டாமென்றால் அடித்துவிடலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. அப்படிக் கேட்கப் போகிறவர் முதலில் கதவைத் தட்ட வேண்டியிருக்கும். ஸலாம் சொல்லி, திறக்கும்வரை வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.